‘வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?’ என்ற கேள்வியில் கடைசி இரண்டு விடைகளுக்குள் மாட்டிக்கொள்கிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது?

மன்னார்குடியிலிருந்து, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குப் படிப்பவர் கேட்டிருக்கிறீர்கள். நான்கில் இரண்டை அடித்துவிடுகிறீர்கள், மிச்ச இரண்டில் தப்பானதே கையில் சிக்குகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம், வாதத்தின் முடிவை விட்டுவிட்டு அது பேசும் பொருளுக்கு எதிரான விடையைப் பிடிப்பதுதான்.

வயலை வைத்தே பார்ப்போம். பயிற்சிக்காகக் கட்டிய வாதம் இது:

“ஓர் ஊரில் ஒற்றை நாற்று நட்ட வயல்களில் ஒரு மா நிலத்துக்குச் சராசரி 12 மூட்டை நெல் கண்டது. வழக்கமான நடவு வயல்களில் 10தான். எனவே ஒற்றை நாற்று நடவால்தான் மகசூல் கூடியது.”

அ) ஒற்றை நாற்று நட்ட வயல்களில் களை எடுக்கக் கூலி அதிகம் ஆனது.
ஆ) ஒற்றை நாற்று நட்ட இருவருக்கு மாவுக்கு 9 மூட்டைதான் கிடைத்தது.
இ) ஒற்றை நாற்று வயல்கள் எல்லாம் தலைமடையில், மற்றவை கடைமடையில், அங்கே தண்ணீர் 20 நாள் பிந்தி வந்தது.
ஈ) இரு தரப்பும் விதைத்தது ஆடுதுறை 43 ரகம்தான்.

‘அ’ தான் நிறையப் பேரைக் கவிழ்க்கும். அது ஒற்றை நாற்றுக்கு எதிராகப் பேசுகிறது, அவ்வளவுதான். முடிவு மூட்டைக் கணக்கைப் பற்றியது, கூலிக் கணக்கைப் பற்றியது அல்ல. ‘ஒற்றை நாற்று லாபகரமானது’ என்று முடிவு இருந்திருந்தால் ‘அ’வை யோசிக்கலாம்.

‘ஆ’வில் வரும் இருவரும் 12 என்ற சராசரிக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டார்கள். ஆனால் முடிவு, ‘இந்த ஊரில் ஒற்றை நாற்று நட்ட எவருக்கும் 10க்குக் குறையாது’ என்றிருந்தால் இதே ‘ஆ’ வாதத்தை அடியோடு சாய்த்துவிடும். ஆகவே முடிவில் ‘எல்லாம்’ இருக்கிறதா, ‘பெரும்பாலும்’ இருக்கிறதா, ‘இதனால்தான்’ இருக்கிறதா என்பதைச் சொல் சொல்லாகப் படியுங்கள்.

‘ஈ’ திசை மாறிய விடை. விதை வித்தியாசமாக இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்து வாதத்துக்கு முட்டுக் கொடுக்கிறது. அவசரத்தில் கேள்வி ‘பலப்படுத்துவது’ கேட்டதா ‘பலவீனப்படுத்துவது’ கேட்டதா என்பதே மறந்துபோகும். அதை நம்பித்தான் இப்படி ஒரு விடையை வைப்பார்கள்.

விடை ‘இ’. இதில் 12ம் 10ம் பொய்யாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆதாரம் அப்படியே நிற்கிறது. அதிலிருந்து முடிவுக்குப் போட்ட பாலத்தில்தான் விரிசல். கூடிய 2 மூட்டை நாற்றாலும் இருக்கலாம், தண்ணீராலும் இருக்கலாம் என்றாகிவிட்டது. முடிவு பொய் என்று நிரூபிக்க வேண்டியதில்லை; ஆட்டம் கண்டால் போதும்.

கடைசி இரண்டில் நிற்கும்போது, ஒவ்வொன்றையும் வாதம் செய்தவர் முகத்துக்கு நேரே சொல்வதாக நினைத்துப் பாருங்கள். “இருக்கட்டுமே, அதனால என்ன?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போக முடிந்தால் அது விடை அல்ல. “அது வந்து...” என்று இழுத்தால் அதுதான்.

டெல்டாக்காரருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: வயல் பற்றித் தெரிந்திருப்பது. ‘ஒற்றை நாற்றில் நிஜமாகவே மகசூல் கூடுமே’ என்று மனம் வாதாடும். விடைகளை உண்மை எனக் கொள்ளச் சொல்லித்தான் கேள்வியே கேட்கிறார்கள். சொந்த அறிவைத் தேர்வறை வாசலில் விட்டுவிடுங்கள்.

விரிசல் விழும் இடங்கள் சிலவே. வேறு காரணம், மேலே பார்த்தோம். எண்ணிக்கை–விகிதக் குழப்பம்: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதாகத் திருப்பிய மூட்டைகள் கூடிவிட்டன, எனவே காயவைப்பதில் அலட்சியம் என்றால், வந்த மூட்டைகளே இரு மடங்காயிற்றா என்று பாருங்கள். திட்டம்: ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தால் கடைமடையிலும் குறுவை கூடும் என்றால், வாய்க்கால் தூர்வாராமல் கிடப்பது அதை அடிக்கும். மாதிரி: பம்ப்செட் வைத்திருப்பவரை மட்டும் கேட்டுவிட்டு ஊருக்கே முடிவு சொல்வது.

முடிவைக் கண்டுபிடிக்க ‘எனவே’ என்று பொருள்படும் ‘தேர்ஃபோர்’, ‘தஸ்’ போன்ற ஆங்கிலச் சொற்களை மட்டும் தேடாதீர்கள். ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள், ஆனால்...’ என்று வந்தால் பெரும்பாலும் ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வருவதே ஆசிரியரின் முடிவு. விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, இங்கே எது இடிக்கிறது என்று சில விநாடி யோசித்த பிறகு திறங்கள்.

‘பலவீனப்படுத்தாதது எது’ என்று கேட்டால், பலப்படுத்தும் விடையை மட்டும் தேடாதீர்கள். சம்பந்தமே இல்லாத ஒன்றும் அங்கே சரியான விடையாகும்.

கிளாட்டில் 120 நிமிடத்தில் 120 கேள்வி, தவறுக்கு 0.25 குறைப்பு. இரண்டுக்குள் சுருக்கிவிட்டால் காலியாக விடாதீர்கள்: குருட்டாம்போக்கில் போட்டாலும் சராசரியாகக் கேள்விக்கு 0.375 மதிப்பெண் உங்கள் பக்கம்.