ஜவ்வரிசி மூட்டைகளும் ஆர்வமும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 25 வயது. முசிறிக்கு அருகே ஒரு கிராமம். 2022இல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். ஒரு கன்சல்டன்சி மூலம் ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய் நான்கே மாதத்தில் திரும்பிவிட்டேன். அதிலிருந்து குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். 2024, 2025 இரண்டு முறையும் எழுதினேன், கிடைக்கவில்லை. உண்மையில் தினம் ஒரு மணி நேரம்கூடப் படிப்பதில்லை. பதினொரு மணிக்குத்தான் எழுகிறேன். ஊக்கப் பேச்சுகளைக் கேட்டால் இரண்டு நாள் வேகம் இருக்கிறது, பிறகு பழையபடிதான். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் எதுவும் கேட்பதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை. அது தெரியாமல் எந்த வேலையைத் தேடுவது? தேடினாலும் இந்த மூன்று ஆண்டு இடைவெளிக்கு என்ன பதில் சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். முன்பு பிடித்திருந்த கிரிக்கெட்டோ சினிமாவோ நண்பர்களோகூட இப்போது சலிப்பாக இருந்தால், தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால், உங்களுக்கு வேண்டியது என் பதில் அல்ல, மருத்துவர். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

ஆர்வம் தெரிந்த பிறகுதான் வேலை தேட முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசை எனக்குத் தலைகீழாகவே நடந்தது. இருபத்திரண்டு வயதில் சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பில்டி என்ற சரக்குச் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்ததற்கு ஒரே காரணம், வீட்டில் இருக்க வெட்கமாக இருந்தது. லாரி எண், சரக்கு, மூட்டைக் கணக்கு, போய்ச்சேர வேண்டிய ஊர் என்று நாள் முழுவதும் நான்கு பிரதிகளில் கார்பன் வைத்து எழுதுவதைவிட அலுப்பான வேலை உலகில் இருக்க முடியாது என்று முதல் மூன்று மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகொரு நாள், ஜவ்வரிசி மூட்டைகள் மகாராஷ்டிரத்துக்குப் போகும் கணக்கு சில வாரங்களில் மட்டும் திடீரென்று ஏறுவதைப் பேரேட்டில் கவனித்தேன். முதலாளியிடம் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, நவராத்திரிக்கும் ஏகாதசிக்கும் அங்கே விரதம் இருப்பவர்கள் அரிசி உண்ணாமல் ஜவ்வரிசிக் கிச்சடி உண்பார்கள் என்றார். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி பிடுங்கும் விவசாயிக்கும், அதை அரைத்துக் காயப்போடும் ஆலைக்கும், புனேயில் விரதம் இருக்கும் ஒரு கிழவிக்கும் நடுவில் நான் எழுதும் மஞ்சள் தாள் கிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த நாளிலிருந்து எந்தச் சரக்கு ஏன் எங்கே போகிறது என்று ஓட்டுநர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். இன்று நான் எழுதுவதில் பாதி அந்தக் கேள்விகளிலிருந்து வந்ததுதான். அறைக்குள் படுத்துக்கொண்டு எனக்கு எதில் ஆர்வம் என்று யோசித்திருந்தால் ஜவ்வரிசி என்ற பதில் எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

ஒரகடத்தில் நான்கு மாதத்தில் வெளியேறியதை நான் சோம்பலாகப் பார்க்கவில்லை. வாகன ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரே போல்ட்டை ஒரே இடத்தில் நாளெல்லாம் முடுக்குபவருக்கு, அந்த வண்டியின் மற்ற பாகங்களை அறிய வழியே இருப்பதில்லை. உங்களைப் போன்ற ஒருவர் பார்க்க வேண்டியது, முழு வேலையும் கண்ணுக்குத் தெரிகிற சிறிய இடங்களை. உங்கள் மாவட்டத்திலேயே துவாக்குடியில் பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே தகடு வெட்டுவது முதல் பெயின்ட் அடித்து லாரியில் ஏற்றுவது வரை ஒரே கூரையின் கீழ் நடக்கும். வெல்டிங் மீது சிவப்புச் சாயத்தைப் பூசி, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாமல் இருந்த விரிசல் சிவப்புக் கோடாக மேலே கசிந்து வரும். டை பெனட்ரன்ட் டெஸ்ட், சுருக்கமாக டிபி டெஸ்ட் என்பார்கள். கல்லூரியில் இரண்டு மதிப்பெண் வினாவாக எழுதியிருப்பீர்கள். நேரில் ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு வழி, 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் ஓராண்டுப் பயிற்சி. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், நெய்வேலி என்.எல்.சி. போன்றவை இதற்கு ஆள் எடுக்கின்றன. உதவித்தொகை குறைவு, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் எந்த ஆண்டில் தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புகளில் வரம்பு வைப்பதுண்டு. 2022 விரைவில் அந்த வரம்புக்கு வெளியே போய்விடும் என்பதால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் கன்சல்டன்சிகளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

குரூப் 4 பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அதை உண்மையாகப் படித்து வென்றவர்களை எனக்குத் தெரியும். 2024இல் முதலில் அறிவிக்கப்பட்ட 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2025 அறிவிப்பில் இடங்கள் 3,935தான். தினம் ஒரு மணி நேரம்கூடப் படிக்காத ஒருவர் அந்தக் கூட்டத்தில் போட்டியாளராக இல்லை, பெயரளவுக்கு நிற்கிறார். "என்ன பண்றே" என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்குச் சொல்ல மரியாதையான ஒரு விடை வேண்டும் என்பதற்காகவே நம் ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் இந்தத் தேர்வுக்குப் 'படித்துக்கொண்டிருக்கிறார்கள்'. உங்கள் கடிதத்தில் நீங்களே அதை ஒப்புக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே காலையில் ஒரு மணி நேரம் படித்தாலும் இப்போது படிப்பதைவிட அதிகம்தான்.

நாளைக்கே ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றெல்லாம் சபதம் செய்யாதீர்கள், அதுவும் ஊக்கப் பேச்சு மாதிரி இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பதில், வேலை கிடைக்கும்வரை உங்கள் அப்பாவின் கடையை நீங்கள் போய்த் திறங்கள். பால் பாக்கெட் வாங்க வருபவர் ஆறு மணிக்கு ஷட்டர் முன்னால் நிற்கும்போது, எழுவதற்கான காரணத்தை நீங்கள் தேட வேண்டியிருக்காது. அப்பா ஒன்றும் கேட்காமல் இருப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். கல்லாவில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவேளை பேசுவார்.

இடைவெளிக்கு என்ன பதில் என்று கேட்டிருந்தீர்கள். "குரூப் 4 எழுதினேன், கிடைக்கவில்லை, இப்போது வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பெரிய நிறுவனங்களின் நேர்காணலில் அதைத் துருவுவார்கள். துவாக்குடிப் பட்டறை முதலாளி அநேகமாக எங்கிருந்து வருகிறீர்கள், காலை ஷிஃப்டுக்கு வந்து சேர முடியுமா என்றுதான் கேட்பார். முசிறியிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் வந்து, அங்கிருந்து துவாக்குடிக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். போவதற்கு முன் உங்கள் ஊரில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.