தலைக்குச் சீயக்காய், புருவத்துக்கு மை: இரண்டும் செய்கிற ஆளின் பதில்

கேள்வி இதுதான்: "புருவத்தில் மைக்ரோபிளேடிங் செய்தவர்கள் இருக்கிறீர்களா? தலைமுடிக்கு இயற்கை முறையையே நம்புகிறவர்கள் இதைச் செய்யலாமா, இல்லை எண்ணெய் தேய்த்தே புருவத்தை வளர்த்துவிடலாமா?"

நான் செய்திருக்கிறேன். தலைக்குச் சீயக்காய் தவிர வேறு எதையும் போடாத ஆள், புருவத்தில் மட்டும் ஊசியால் தோலுக்குள் மை ஏற்றி முடி போலக் கோடு போட்டிருக்கிறேன், மைக்ரோபிளேடிங் என்பது அதுதான். "வாயைத் திறந்தால் இயற்கை என்பாய், இப்போது முகத்தில் ஊசி குத்திக்கொண்டு நிற்கிறாயே" என்று சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து கேட்டாயிற்று. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக மனசு வரவில்லை. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் செங்கோட்டை. தையல் கடை வைத்திருக்கிறேன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, அதனால் பாதி வீடுகளில் ஒரு கால் மலைக்கு அந்தப் பக்கம்தான். என் அம்மா பிறந்தது புனலூர். அப்பாவைப் பெற்ற ஆச்சி இந்தப் பக்கம். ஆச்சிக்கு வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய், அப்புறம் சீயக்காய், மற்ற நாளில் தலையில் தண்ணீர் படக்கூடாது, சளி பிடிக்கும். அம்மாவுக்குத் தினமும் தலை நனைய வேண்டும், குளிக்கும் முன் காய்ச்சின தேங்காய் எண்ணெய் உச்சியில் ஒரு கை வைக்க வேண்டும். என் தலையை வைத்து இவர்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையில் வளர்ந்தவள் நான். நாற்பது தாண்டியும் முடி இடுப்பைத் தொடுகிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெருமையில் பாதி பரம்பரைக்குச் சேர வேண்டியது. அம்மாவின் கூடப்பிறந்த சித்திக்கும் அதே எண்ணெய்தான், அவர் சடை சுண்டுவிரல் தடிமன்.

புருவத்துக்கு வருகிறேன். என் புருவத்தின் வால், அதாவது காதுப் பக்கம் இருக்கிற மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. திரெடிங்கில் அதிகமாக எடுத்துவிட்டார்கள் என்று அக்கா சொன்னாள். திரெடிங்கில் எடுத்தது என்றால் மூன்று நான்கு மாதத்தில் திரும்ப வர வேண்டும், வரவில்லை. பெரியம்மா, "வெளக்கெண்ணெ தடவுட்டி, முளைச்சிரும்" என்றார். ராத்திரி ராத்திரி தடவினேன், தலையணை உறை பாழானதுதான் மிச்சம். விளக்கெண்ணெய் இருக்கிற முடியைப் பளபளவென்று காட்டும், அடர்த்தியாகத் தெரியும். இல்லாத முடியை அது முளைக்க வைக்கும் என்பதற்கு உருப்படியான சான்று கிடையாது. இதைச் சொன்னால் பெரியம்மா இன்றைக்கும் என்னோடு பேச மாட்டார்.

கடைசியில் தென்காசியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து புருவத்தில் இங்கேயும் அங்கேயும் தொட்டு "இப்ப தெரியுதா, எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எதற்கு என்றேன். தொழுநோயிலும் புருவம் கொட்டும், தோலில் உணர்ச்சி குறையும், அது இல்லை என்று உறுதி செய்துகொள்கிறேன் என்றார். கூட வந்த மதினியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மாத்திரையிலேயே குணமாகிற நோய்க்கு இன்னும் இந்தப் பயம். நல்லவேளை, எனக்கு அது இல்லை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோன், ஏறியிருந்தது, அப்படி ஏறினால் தைராய்டு சுரப்பு குறைவு என்று அர்த்தமாம். புருவத்தின் வெளிப்பக்கம் உதிர்வது தைராய்டு குறைவில் வருகிற அடையாளங்களில் ஒன்றாம். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி கழித்துத்தான் காபி. தலைமுடி கொத்தாக வருவது அதில் நின்றது, சீயக்காயில் நிற்கவில்லை. இயற்கைக் கட்சிக்காரர்கள் கோபப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான்.

உங்களுக்கும் வால் பக்கம்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் பார்லருக்கு முன்னால் லேபுக்குப் போங்கள். வட்டமாக, வழவழவென்று போயிருந்தால் புழுவெட்டாக இருக்கலாம், அதற்கும் தோல் டாக்டர்தான். காரணம் தெரியாமல் மேலே மையை ஏற்றினால் காசும் போகும், நோயும் மூடிக்கொண்டு உள்ளே இருக்கும்.

மாத்திரை தொடர்ந்து எடுத்தும் புருவ வால் பாதிதான் திரும்பியது. தினமும் பென்சிலால் வரைந்தேன். தையல் மிஷின் முன்னால் வேர்த்து, கையால் துடைத்து, மதியத்துக்கு மேல் ஒரு பக்கம் புருவம் இருக்கும், ஒரு பக்கம் இருக்காது. வாடிக்கையாளர் என் கண்ணைப் பார்த்துப் பேசாமல் அதற்கு மேலே பார்த்துப் பேசுவார்கள். அதற்குத்தான் செய்தேன். ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு, கல்யாணம் கிடையாது, அப்போது மலை ஏறி இறங்கி கொல்லத்தில் ஒரு சின்ன இடத்துக்குப் போனேன்.

அந்தப் பெண்ணை நான் நம்பியது அவள் சர்டிபிகேட்டைப் பார்த்து இல்லை, அளவெடுத்ததைப் பார்த்து. மூக்கு ஓரத்திலிருந்து கண் ஓரம் வரை நூல் பிடித்து, பென்சில் தேய்த்த நூலை நெற்றியில் அழுத்திக் கோடு போட்டு, எழுந்து உட்காரச் சொல்லிக் கண்ணாடி கொடுத்தாள். படுத்தபடி பார்த்தால் முகம் இழுத்துக்கொள்ளும், சமமா என்று தெரியாது, அது அவளுக்குத் தெரிந்திருந்தது. இடது பக்கம் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, ஏறியிருக்கிறது என்றேன். அளந்து பார்த்துவிட்டு, "சரியா சேச்சி", அதாவது நீங்கள் சொன்னது சரிதான் அக்கா என்று அழித்து மறுபடி போட்டாள். வரையவே ஒரு மணி நேரம். யாராவது அச்சு வைத்து ஐந்து நிமிஷத்தில் வரைந்து ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மரத்துப்போகிற கிரீம் தடவி, காத்திருந்து, பிறகு தொடங்கினாள். பேனா மாதிரி ஒன்றின் முனையில் மெல்லிய ஊசிகள் வரிசையாக இருக்கும், பாக்கெட்டை நம் கண்ணெதிரில்தான் பிரிக்க வேண்டும், இதில் வெட்கமே பார்க்காதீர்கள், மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசி வழியாக வரக்கூடியவை. வலி பெரிதாக இல்லை. சத்தம்தான். தைத்த பிளவுஸைப் பிரிக்கும்போது நூல் அறுந்து வருமே, அதே சத்தம், என் நெற்றிக்குள்ளிருந்து கேட்டது. "வேதன உண்டோ சேச்சி" என்று நடுநடுவே கேட்டாள். கொஞ்சம் என்றேன், சத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மலையாளம் போதவில்லை.

திரும்பி வரும்போது ஆரியங்காவு தாண்டியதும் சாரல். தெரியுமே, எங்கள் பக்கத்துச் சாரல் மேலிருந்து விழாது, கணவாயில் காற்றோடு குறுக்கே வரும், குடை எதற்கும் உதவாது. புருவம் நனையக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். முந்தானையை நெற்றியில் இறக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடந்தேன், ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து ஒருவர் விசாரிக்கவே செய்தார். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கிறது, ஊரே அருவியில் நிற்கிறது, நான் மட்டும் வீட்டில்.

புண் ஆறுகிற வரை தலைக்குக் குளிப்பது எப்படி என்று யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். சீயக்காய்த் தண்ணீர் நெற்றிக்கு வந்தால் எரிந்து போகும், எண்ணெய் தேய்த்தால் அது வழிந்து மையைக் கிளப்பும். அதனால் ஒரு வாரம் பத்து நாளுக்கு எண்ணெயே கிடையாது. அந்த நாட்களில் தலை அலச, கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையை ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே வாளி வைத்து, அக்கா செம்பருத்தி இலைத் தாளி போட்டு அலசிவிட்டாள். தாளி என்றால் இலையைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்த கொழகொழச் சாறு, அம்மா வீட்டுப் பழக்கம். சீயக்காய் போல எரியாது, நுரையும் வராது, அழுக்கைக் கொஞ்சம்தான் எடுக்கும், அந்த நேரத்துக்கு அது போதும்.

முதல் சில நாள் புருவம் கரிக்கோடு மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். பிறகு பொருக்குத் தட்டும், அரிக்கும், சொறியவே கூடாது, பிய்த்தால் அந்த இடத்தில் மையும் கூடவே வந்துவிடும். பொருக்கு உதிர்ந்ததும் எல்லாம் போச்சு என்று தோன்றும் அளவுக்கு வெளிறிவிடும். ஒரு மாதத்தில் நிறம் மேலே வரும். அதற்கு மேல் ஒரு டச்சப். பொதுவாக ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை நிற்கும் என்பார்கள். என்னைப் போல எண்ணெய் வடிகிற தோல் என்றால் கோடுகள் சீக்கிரம் கலங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், எங்களுக்குக் கோடு கோடாக இல்லாமல் பவுடர் தூவியது போலப் புள்ளியாக ஏற்றுவது நல்லது. நிறம் கேட்டால் கருப்பு சொல்லாதீர்கள், கருப்பு மை காலப்போக்கில் நீலச் சாம்பலாகிவிடும், அடர் பழுப்பு சொல்லுங்கள். பழுப்பும் சிலருக்குச் செம்பட்டையாகும், அது அதில் இருக்கிற இரும்பு ஆக்ஸைடால். பிடிக்கவில்லை என்றால் லேசரில் அழித்துவிடலாம் என்று சுலபமாகச் சொல்வார்கள், ஆனால் இந்த வகை மை லேசர் பட்டதும் சில சமயம் இன்னும் கறுக்கும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளர்கிறவர்கள் வேண்டாம். ரத்தம் கொடுக்கிற பழக்கம் இருந்தால் ஒரு வருடம் கொடுக்க முடியாது, என் தம்பி ரத்ததானக் குழுவில் இருப்பவன், அவனுக்கு அதில் என்மேல் வருத்தம்.

இதற்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்தேன். கொழுப்பு என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று. என் கடைக்கு வருகிற ஒரு அக்கா இதே புருவத்துக்கு என்னைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டு வந்தவர், ஒரு ரூபாய் பேரம் பேசவில்லையாம், பெருமையாகச் சொன்னார். அதே வாயால் லைனிங் வைத்து, பின்பக்கம் முடிச்சு வைத்து, கையில் ஆரி வேலையை வெட்டாமல் பொருத்தித் தைத்த பிளவுஸுக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்றார். போனில் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்பார்கள், அந்தப் படத்தில் இருக்கிற பிளவுஸின் கூலி என்ன என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஊசி பிடிக்கிற கைதான் இரண்டும். சரி, விடுங்கள், இது உங்கள் கேள்வி இல்லை.

"இது நம் கலாசாரமா" என்றும் வருவார்கள். என் ஆச்சியின் முன்கையில் குறத்தி குத்திவிட்ட புள்ளிக் கோலம் இருந்தது, கூலி அரிசியாம். சாகும்வரை இருந்தது, பச்சையும் நீலமுமாக. ஆச்சியை யாரும் கலாசாரம் கேட்கவில்லை. கடையநல்லூர், தென்காசியிலிருந்து வருகிற என் வாடிக்கையாளர் சிலர் இஸ்லாம் மார்க்கத்தில் இது கூடாது என்று சொல்வார்கள். அது அவர்கள் நம்பிக்கை, அவர்களோடு எனக்கு வழக்கில்லை, அவர்களும் என்னைக் குறை சொன்னதில்லை.

தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்சுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே அதைத்தான் கேட்பீர்கள். செக்குத் தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணிச் சாறு, செம்பருத்திப் பூ, கறிவேப்பிலை, தட்டின சின்ன வெங்காயம், கொஞ்சம் வெந்தயம். சின்னத் தீ. அடியில் வண்டல் மணல் மணலாக வரும்போது ஒரு துணித் திரியை அதில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது, அப்படியே இறக்கினால் மாதம் ஆகுமுன் பூசணம் பிடித்து நாறும். சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கிவிடலாம். இது முடியை வளர்க்கும் என்று நான் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் போகாமல் காக்கிறது என்று 2003இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அதைச் செய்யவில்லை. உடையாமல் இருக்கிற முடி நீளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பொடுகு இருக்கிறவர்கள் உச்சியில் எண்ணெயை ஊறப் போடாதீர்கள், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

இன்னொன்று, நரைத்த புருவத்துக்குத் தலைச் சாயத்தைத் தடவாதீர்கள். கருப்பு ஹென்னா என்று பாக்கெட்டில் வருவதிலும் பல சமயம் பி.பி.டி. என்கிற, ஒவ்வாமை கிளப்பக்கூடிய சாய ரசாயனம் இருக்கும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படித் தடவி இமை இரண்டும் வீங்கி கண் திறக்க முடியாமல் போனது.

உங்களுக்குக் கல்யாணமோ விசேஷமோ வருகிறது என்று ஊகிக்கிறேன், அதற்குத்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும். இரண்டு மாதம் முன்னால் செய்யுங்கள், ஒரு வாரம் முன்னால் செய்தால் பொருக்கோடுதான் மணவறையில் உட்கார வேண்டும். எந்த இடம், நம்பர் கொடுங்கள் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். அந்தப் பெண் துபாய்க்குப் போய்விட்டாள், எனக்கே வலது பக்க வால் மங்கத் தொடங்கியிருக்கிறது. தென்காசி, புனலூர் பக்கம் அளவெடுக்கத் தெரிந்த கை யாருக்காவது தெரிந்தால் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.