வயிறும் குடலும்: இரைப்பை மருத்துவரிடம் கேள்வி பதில்

வயது, எத்தனை நாளாகத் தொந்தரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். ‘வயிறு சரியில்லை’ என்று மட்டும் கேட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: வயது 42. ஆறு மாதமாகப் பான்டோபிரசோல் 40, ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்போது ஒன்று. நெஞ்செரிச்சல் குறையவே இல்லை டாக்டர்.

பதில்: கேஸ் மாத்திரை என்று எல்லாரும் சொல்லும் இந்த அமிலக் குறைப்பு மாத்திரையைப் போடுகிற நேரம் தப்பு. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் பம்புகள் உண்டு. வெறும் வயிற்றில் அவற்றில் பெரும்பாலானவை ஒடுங்கிக் கிடக்கும். சாப்பாடு வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். இந்த மருந்து ஓடுகிற பம்பை மட்டுமே அடைக்கும், ரத்தத்தில் அது தங்குவதோ சில மணி நேரம்தான். சாப்பிட்டுப் படுக்கப்போகும்போது போட்டால் மருந்து ரத்தத்துக்கு வருவதற்குள் பம்புகள் ஓய்ந்துவிடும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் முழுதாக விழுங்குங்கள். மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது. மேற்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். முழுப் பலன் தெரிய 3 முதல் 5 நாள் ஆகும். முதல் நாளே ‘கேட்கவில்லை’ என்று மாற்றாதீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு 15–20 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிற்றில் அழுத்தம் கூடும், எதுக்களிப்பும் கூடும். இடது பக்கம் படுப்பது நல்லது. இப்படி 8 வாரம் சரியாகச் செய்தும் குறையாவிட்டால் எண்டோஸ்கோப்பி. விழுங்கும்போது தடுத்தாலோ எடை குறைந்தாலோ 8 வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

முட்டி வலிக்கு, தலைவலிக்கு ஏதாவது போடுகிறீர்களா? அதை எழுதவில்லையே.

கேள்வி: அதே மாத்திரையை நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிட அதிகம். அடிமையாகிவிட்டேனா?

பதில்: இல்லை. அமிலம் குறைந்திருந்த காலத்தில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும். மருந்தை நிறுத்தியதும் சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரக்கும், பிறகு அடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, இடையில் தேவைப்பட்டால் அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் சிரப் குடியுங்கள். ஆனால் ஏன் ஆரம்பித்தார்கள் என்று தெரியாமல் நிறுத்தாதீர்கள். அல்சர் வந்தவர் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டால் இந்த மாத்திரைதான் ரத்தக்கசிவைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் போடுபவர்கள் பி12, மெக்னீசியம் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வயது 55, சர்க்கரை உண்டு. மாடி ஏறினால் நெஞ்சில் கேஸ் அடைக்கிறது. ஏப்பம் விட்டால் சரியாகிறது. நல்ல கேஸ் மாத்திரை சொல்லுங்கள் சார்.

பதில்: மாத்திரை சொல்ல மாட்டேன். இன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். மாடி ஏறினால் வந்து, நின்றால் குறைவது கேஸ் அல்ல. இதயத்தின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் குறைந்தால் வலி மேல் வயிற்றில் தெரியும், ஏப்பமும் குமட்டலும் சேர்ந்தே வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி மங்கலாக இருக்கும். ஒரு ஈசிஜி நார்மல் என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். மறுபடி ஈசிஜி, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் நடக்கவைத்துப் பார்க்கும் டிரெட்மில் பரிசோதனை. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து வியர்த்தால் ஆம்புலன்ஸ்.

கேள்வி: எல்லாருமே அமிலத்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள். உண்மையில் அமிலம் குறைவதால்தான் எரிச்சல். தினமும் ஆப்பிள் சைடர் வினிகர் குடித்து எனக்கு முழுதாகக் குணம்.

பதில்: பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கடுமை. இரைப்பை நீரின் பிஎச் வெறும் வயிற்றில் 1.5 முதல் 2. வினிகரின் பிஎச் 2.5 முதல் 3. அதைக் குடித்து அமிலத்தைக் கூட்ட முடியாது, நீர்க்கத்தான் வைக்க முடியும். எரிச்சலுக்குக் காரணம் அமிலத்தின் அளவு அல்ல. உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளர்ந்து அமிலம் இருக்கக் கூடாத இடத்துக்கு ஏறுவது.

அதே நபர்: சமையல் சோடா சோதனை செய்தேன். ஐந்து நிமிடத்தில் ஏப்பம் வரவில்லை. அமிலம் இல்லை என்று அர்த்தம்.

பதில்: எவ்வளவு சோடா, எவ்வளவு தண்ணீர், முன்னதாக எவ்வளவு காற்று விழுங்கினீர்கள் என்பதைப் பொறுத்து ஏப்பம் வரும், வராமலும் போகும். அமிலத்தை அளக்க மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும். உண்மையிலேயே அமிலம் வற்றியவர்கள் உண்டு: இரைப்பைச் சவ்வு தேய்ந்தவர்கள். அவர்களுக்கு பி12 குறையும், ரத்தசோகை வரும். அது வேறு நோய்.

அதே நபர்: அப்போது எனக்கு எப்படிக் குணமானது?

பதில்: வினிகர் தொடங்கியபோது வேறென்ன மாற்றினீர்கள்?

அதே நபர்: இரவு பரோட்டாவை விட்டேன். ஏழு மணிக்குச் சாப்பிடுகிறேன்.

பதில்: அதுதான் மருந்து. வினிகரை விட்டுப் பாருங்கள், பல் எனாமலாவது மிஞ்சும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: தினமும் சோடா சோதனை செய்யாதீர்கள். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் சுமார் 1,260 மி.கி. சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000 மி.கி.

கேள்வி: கேஸ் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஹெச் பைலோரி கிருமிக்கு 14 நாள் மருந்து முடித்தேன். ரத்தப் பரிசோதனை இன்னும் பாசிட்டிவ். காரம் சாப்பிட்டதால் திரும்ப வந்துவிட்டதா?

பதில்: காரத்தால் கிருமி வராது. புண் இருக்கும்போது காரம் எரியும், அவ்வளவே. இரைப்பையைக் கெடுப்பது இந்தக் கிருமிதான் என்று காட்ட, ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அதை வளர்த்துத் தானே குடித்தார், இரைப்பை அழற்சி வந்தது. 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசு. ரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. கிருமி செத்த பிறகும் மாதக்கணக்கில் அது இருக்கும். குணமானதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனையோ மலத்தில் கிருமியின் பொருளைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையோ வேண்டும். ஆன்டிபயாடிக் முடித்து 4 வாரம், அமிலக் குறைப்பு மாத்திரை நிறுத்தி 2 வாரம் கழித்துச் செய்யுங்கள். முன்னதாகச் செய்தால் கிருமி இருந்தாலும் நெகட்டிவ் வரும்.

கேள்வி: மூன்று நாளாக மலம் தார் மாதிரி கறுப்பு. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறேன்.

பதில்: வலி மாத்திரை போடுவதைக் கடைசியாகத்தான் ஒருவர் சொல்கிறார். பசைபோல, நாற்றத்தோடு கறுப்பாகப் போனால் மேல் குடலில் ரத்தம் கசிகிறது. இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் பசையாக இராது. வலி மாத்திரையை நிறுத்திவிட்டு இன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: கொண்டைக்கடலை சாப்பிட்டால் உப்புசம்.

பதில்: அதிலுள்ள சில சர்க்கரைகளைச் செரிக்க நமக்கு நொதி இல்லை, பெருங்குடல் பாக்டீரியா புளிக்கவைத்து வாயு ஆக்குகிறது. 8–12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அளவைக் குறைத்துத் தொடங்குங்கள். ஒரு நாளில் 10–20 முறை காற்று பிரிவது நோயல்ல.

கேள்வி: என் பையனுக்கு எட்டு மாதம், ரெண்டு நாளாப் பேதி.

பதில்: குழந்தை மருத்துவரிடம் போங்கள். போகும்வரை தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓஆர்எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். 1 லிட்டர் என்று போட்டிருந்தால் 1 லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள்; அரை டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி ஆபத்து.

கேள்வி: கேஸ் மாத்திரை முன்னா பின்னா?

பதில்: மேலே.

கேள்வி: அடுத்த வாரம் அப்பாவுக்குப் பெருங்குடலைக் கேமராவில் பார்க்கும் கொலனாஸ்கோப்பி, காலை 10 மணிக்கு. குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தை முதல் நாள் ராத்திரியே முழுதாகக் கொடுத்துவிடலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். பாதி முதல் நாள் மாலை. மீதி அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிய வேண்டும். ராத்திரியே முடித்தால் காலைக்குள் பித்தநீர் வடிந்து வலது பக்கப் பெருங்குடலை மூடும், குடல் சுவரில் முளைக்கும் சிறு பாலிப்கள் கண்ணில் படாது. விதையுள்ள கொய்யா, தக்காளி, கீரை மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். இரும்பு மாத்திரை ஒரு வாரம் முன்பே. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை பற்றி இப்போதே மருத்துவமனையில் கேளுங்கள். கடைசியாகப் போவது கட்டியில்லாமல் மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் கிளம்பும் முன் அங்கே போன் செய்து சொல்லுங்கள்.