சீனாவில் ஹாட் பாட் பாத்திரத்தின் நடுவே தடுப்பு எதற்கு?

ஹாட் பாட் என்பது மேசையிலேயே கொதிக்கும் சாற்றில் இறைச்சி, காய்களை நாமே வேகவைத்துச் சாப்பிடும் உணவு. நடுவே தடுப்புள்ள பாத்திரத்தின் பெயர் யுவான்யாங் குவோ. யுவான்யாங் என்றால் ஜோடி வாத்து. ஆணும் பெண்ணும் இரு வேறு நிறம். அதுபோல ஒரே பாத்திரத்தில் ஒரு பக்கம் சிவப்புக் காரச் சாறு, மறுபக்கம் காரமில்லாத வெள்ளைச் சாறு. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

சிச்சுவான் பாணிச் சிவப்புச் சாற்றில் மாட்டுக்கொழுப்பு உருகி மேலே மிதக்கும், நம் மீன்குழம்பில் எண்ணெய் பிரிந்து நிற்பதுபோல. மிளகாயின் காரம் அந்தக் கொழுப்பில்தான் கரைந்திருக்கிறது. கீரையையும் டோஃபு தோலையும் (சோயாப் பாலைக் காய்ச்சும்போது படியும் ஏடு) அதில் போட்டால், வெளியே எடுக்கும்போது அந்த எண்ணெயை அப்படியே வாரிக்கொண்டு வரும். கீரை வெள்ளைப் பக்கத்துக்கு. மெல்லிசாகச் சீவிய ஆட்டிறைச்சி சிவப்புக்கு. நிறம் மாறியதும், ஏறக்குறைய 15 வினாடியில், எடுத்துவிடலாம், விட்டால் ரப்பராகும். உருளைக்கிழங்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். பச்சை இறைச்சியைத் தொட்ட குச்சியால் சாப்பிடாதீர்கள், தனிக் குச்சி கேளுங்கள்.

நாக்கு மரத்துக் குறுகுறுத்தால் பயம் வேண்டாம். அது ஹுவாஜியாவோ என்ற சிச்சுவான் மிளகின் வேலை. உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனால் வருமே, அந்த உணர்வு. சற்று நேரத்தில் போய்விடும்.

வெள்ளைச் சாறு என்றால் சைவம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கோழியோ பன்றி எலும்போ கொதித்தது, சைவர்கள் காளான் சாற்றைக் கேட்டு, அதிலும் எலும்பு சேர்த்தார்களா என்று விசாரிக்க வேண்டும்.