கூட்டணிக் கட்சிகள் முறைத்துக்கொண்டால் மத்திய அரசு உண்மையிலேயே கவிழுமா, இல்லை எல்லாம் நாடகமா?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு விளக்கமும் கொடுத்திருக்கிறார். 2024 தேர்தலுக்குப் பிறகு பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. தெலுங்கு தேசமோ ஐக்கிய ஜனதா தளமோ லேசாக முணுமுணுத்தாலே "ஆட்சிக்கு ஆபத்தா?" என்று டிவியில் விவாதம் ஓடுகிறது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லோரும் ஒரே மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அப்படியென்றால் அந்தச் சண்டை பொய்யா?

பொய் இல்லை என்பதுதான் என் பதில். சண்டை நிஜம், கோபமும் நிஜம். நாம் அதன் காரணத்தை டெல்லியில் தேடுகிறோம். அது பெரும்பாலும் அந்தக் கட்சியின் சொந்த மாநிலத்தில் இருக்கும். இது எனக்குப் புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை, சுவருக்கு வெள்ளை அடித்ததில் வந்தது.

என் தாய்மாமா திருச்சி உறையூரில் போர்டு எழுதுபவர். 1998 நாடாளுமன்றத் தேர்தலின்போது நான் அவருக்குக் கையாள். சுவரைப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, காய்ந்ததும் மாமா கரித்துண்டால் கோடு போட்டுக் கொடுப்பார். உள்ளே கலர் நிரப்புவது என் வேலை. திருச்சியில் பாஜக வேட்பாளர் ரங்கராஜன் குமாரமங்கலம். அதிமுக கூட்டணி. நடுவில் பெரிய தாமரை, பக்கத்தில் வேட்பாளர் பெயர், மேலே ஒரு வரி: "புரட்சித்தலைவி அம்மாவின் நல்லாசி பெற்ற வெற்றி வேட்பாளர்". ஓரத்தில் சின்னதாக ஒரு இரட்டை இலை.

அடுத்த ஆண்டே மறுபடி தேர்தல். அதே சுவர், அதே வேட்பாளர், அதே தாமரை. ஆனால் இந்த முறை திமுக கூட்டணி. மாமா சொன்னார்: "தாமரையத் தொடாத, பேரையும் தொடாத. மேல் வரியையும் இலையையும் மட்டும் அடிச்சு விடு." அடித்தேன். "டாக்டர் கலைஞர் அவர்களின் ஆதரவு பெற்ற" என்று அவர் எழுதினார். இலை இருந்த இடத்தில் சூரியன் உதித்தது. பச்சை சும்மா போகாது. சுண்ணாம்பு இரண்டு கை அடித்தும் சூரியனுக்குப் பின்னால் இலையின் நிழல் தெரிந்துகொண்டே இருந்தது. ரங்கராஜன் குமாரமங்கலம் இரண்டு தேர்தலிலும் ஜெயித்தார்.

அந்த ஒரு வரி மாறுவதற்கு நடுவில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கான பதில்.

1998இல் அதிமுக அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 30ஐ அள்ளியது. அதில் அதிமுக மட்டும் 18. மத்தியில் பாஜகவுக்கு 182 இடங்கள்தான். வாஜ்பாய் பிரதமராக வேண்டுமென்றால் அந்த 18 வேண்டும். ஜெயலலிதா ஆதரவுக் கடிதத்தைக் கொடுக்காமல் சில நாட்கள் இழுத்தடித்தார். டெல்லியே சென்னையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மார்ச் 19 அன்று ஒருவழியாகப் பதவியேற்பு நடந்தது. அப்புறம் பதிமூன்று மாதமும் தூதர்கள் போயஸ் தோட்டத்துக்கும் டெல்லிக்கும் நடையாய் நடந்தார்கள்.

அவருக்கு என்னதான் வேண்டியிருந்தது? பட்டியல் நீளம். ஆனால் அதில் மேலே இருந்தது கருணாநிதி அரசை 356ஆவது பிரிவின் கீழ் கலைக்க வேண்டும் என்பது. வாஜ்பாய் அதைச் செய்யவில்லை. எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, நினைத்த மாத்திரத்தில் ஒரு மாநில அரசைக் கலைத்துவிட்டு நீதிமன்றத்தில் தப்பிப்பது சுலபமில்லை. மாநிலங்களவையில் பெரும்பான்மையும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இதே வாஜ்பாய் அரசு 1999 பிப்ரவரியில் பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைத்தது. பீகாரில் ராப்ரியின் கணவர் லாலுவின் எதிரி யார்? பாஜகவின் இன்னொரு கூட்டாளியான சமதா கட்சி. ஜார்ஜ் பெர்னாண்டசும் நிதிஷ் குமாரும். மாநிலங்களவையில் தேறாது என்று தெரிந்ததும் அடுத்த மாதமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்று, ராப்ரி தேவியை மறுபடி உட்கார வைக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் போயஸ் தோட்டத்திலிருந்து பார்த்தால் கணக்கு எப்படித் தெரியும்? சமதா கேட்டால் கிடைக்கிறது, பதினெட்டுப் பேரைக் கொடுத்த எனக்குக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு 1998 ஆகஸ்டில் காவிரிப் பேச்சுவார்த்தைக்குக் கருணாநிதி முதலமைச்சர் என்ற முறையில் பிரதமரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தார். கூட்டாளி வெளியே, எதிரி உள்ளே. கோபம் வராமல் இருக்குமா?

கடைசியில் வெளியே சொன்ன காரணம் வேறு. கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தை 1998 டிசம்பரில் அரசு பதவி நீக்கம் செய்திருந்தது. அது பற்றி நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரிக்க வேண்டும், பாதுகாப்பு அமைச்சர் பெர்னாண்டஸை மாற்ற வேண்டும் என்று ஜெயலலிதா கேட்டார். உறையூர் டீக்கடையில் விஷ்ணு பகவத் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. மார்ச் கடைசியில் சுப்பிரமணியன் சுவாமி டெல்லி அசோகா ஓட்டலில் ஒரு டீ பார்ட்டி வைத்தார். சோனியாவும் ஜெயலலிதாவும் வந்தார்கள். அந்தப் போட்டோ பேப்பரில் வந்த அன்று டீக்கடையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஏப்ரல் 14 அன்று ஜெயலலிதா குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனைச் சந்தித்து ஆதரவை வாபஸ் வாங்கினார். 17ஆம் தேதி, சனிக்கிழமை, நம்பிக்கை வாக்கெடுப்பு. மாமா கடையில் ஒரு பிளாக் அண்ட் வொயிட் போர்ட்டபிள் டிவி இருந்தது. பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு எட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். காலையில் எல்லோரும் சொன்னது, அரசு தப்பிவிடும் என்றுதான். நடுநிலை வகிப்பார்கள் என்று எதிர்பார்த்த பகுஜன் சமாஜின் ஐந்து பேர், மாயாவதி உட்பட, எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சிக் கொறடாவை மீறி எதிர்த்துப் போட்டார். ஒடிசா முதலமைச்சராகி இரண்டு மாதம் ஆகியும் எம்.பி. பதவியை விடாத கிரிதர் கமாங் வந்து எதிர்த்துப் போட்டார். ஆதரவு 269, எதிர்ப்பு 270.

மாமா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சரி, இலையை அழிக்கணும்."

இத்தனை களேபரத்தில் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. அந்த 269இல் திமுக எம்.பி.க்களின் ஓட்டும் இருந்தது. யாருடைய அரசைக் கலைக்கச் சொல்லி இவ்வளவு சண்டையோ, அவர்களே வாஜ்பாயைக் காப்பாற்ற ஓட்டுப் போட்டார்கள். இலை விட்டுப்போன இடம் காலியாகவே இல்லை. சில மாதங்களில் திமுக முறையாகவே கூட்டணியில் சேர்ந்தது, முரசொலி மாறன் மத்திய வர்த்தக அமைச்சரானார். 1999 தேர்தலில் அந்த அணிக்குத் தமிழ்நாட்டில் 26 இடங்கள், அதிமுகவுக்கு 10.

அப்போ ஜெயலலிதா தோற்றாரா? அவசரப்பட வேண்டாம். பாஜகவை விட்டு வந்ததால்தான் 2001 சட்டமன்றத் தேர்தலில் தமாகா, காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்டுகள், பாமக என்று எல்லோரையும் ஒரே குடைக்குள் கொண்டுவர முடிந்தது. அதிமுகவுக்கு மட்டும் 132 இடங்கள், தனிப் பெரும்பான்மை. டெல்லியில் விட்டது கோட்டையில் கிடைத்தது. அவருக்கு எப்போதும் கோட்டைதானே முக்கியம்!

இப்போது நீங்கள் கேட்ட இன்றைய கணக்குக்கு வருகிறேன். மக்களவையில் பெரும்பான்மைக்கு 272. 2024 முடிவுப்படி பாஜக 240, கூட்டணி மொத்தம் 293. தெலுங்கு தேசம் 16, ஐக்கிய ஜனதா தளம் 12. தெலுங்கு தேசத்தின் சந்திரபாபு நாயுடு மட்டும் போனால் 277. நிதிஷின் ஐக்கிய ஜனதா தளம் மட்டும் போனால் 281. அரசு நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் போனால்தான் 265க்கு இறங்கும். அப்போதும் எதிரணியின் 234உடன் இந்த 28ஐக் கூட்டினால் 262 தான் வருகிறது. 1999இல் ஒரு கட்சி கையை எடுத்தது, கூரை விழுந்தது. இன்று இரண்டு பேர் ஒரே நாளில் கையை எடுக்க வேண்டும், அதற்கு மேல் இன்னும் பத்துப் பேர் வேண்டும்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு ஆந்திராவைப் பாருங்கள். நாயுடு ஒருமுறை போய்ப் பார்த்தவர்தான். சிறப்பு அந்தஸ்து தரவில்லை என்று 2018 மார்ச்சில் கூட்டணியை விட்டு வெளியே வந்தார். 2019இல் 175 சட்டமன்ற இடங்களில் அவருக்குக் கிடைத்தது 23. ஜெகன் மோகன் ரெட்டிக்கு 151. அடுத்த ஐந்து ஆண்டுகள் ஜெகன் கட்சி மத்திய அரசுக்குப் பல மசோதாக்களில் கை தூக்கியது, கூட்டணியில் சேராமலேயே. அந்தப் பாடம் நாயுடுவுக்கு மறக்குமா? அவர் வெளியே போனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார வேண்டும் என்று கூட இல்லை. ஜெகன் வாசலில் நின்று சிரித்தாலே போதும். அதனால் அவர் வெளியே போவதற்குப் பதில் கேட்டு வாங்குகிறார். 2024 ஜூலை பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய்க்கு வழி செய்தார்கள். பீகார் சாலைத் திட்டங்களுக்கு 26,000 கோடி. டிவியில் 'முணுமுணுப்பு' என்று போடுகிறார்களே, அதன் விலைப்பட்டியல் இதுதான்.

மற்ற உதாரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2008இல் அணுசக்தி ஒப்பந்தத்துக்காக இடதுசாரிகள் மன்மோகன் சிங்கை விட்டுப் போனார்கள். அந்த இடத்தில் சமாஜ்வாதி கட்சியின் முலாயம் வந்து உட்கார்ந்தார், 275க்கு 256 என்று அரசு பிழைத்தது. அடுத்த தேர்தலில் மேற்கு வங்கத்தில் காங்கிரசும் மம்தாவும் கைகோத்தார்கள், இடதுசாரிகளின் 35 அங்கே 15 ஆனது. 2012இல் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு என்று மம்தா போனார், அரசு நின்றது. 2013 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் வந்த தீர்மானத்தை ஒட்டி, இலங்கைப் பிரச்சினையில் திமுகவின் 18 பேரும் போனார்கள், அரசு நின்றது. 2020இல் வேளாண் சட்டங்களுக்காக அகாலி தளம் போனபோது டெல்லியில் ஒரு செங்கல் கூட அசையவில்லை, ஏனென்றால் பாஜகவுக்குத் தனியாகவே 303 இருந்தது. ஆனால் பஞ்சாப் விவசாயியின் முன்னால் போய் நிற்க அகாலிகளுக்கு வேறு வழியே இல்லை. போயும் 2022இல் மூன்று இடம்தான் கிடைத்தது என்பது வேறு கதை.

திமுக 2013இல் ஏன் போனது என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை அது முழுக்கத் தமிழ்நாட்டுக் கணக்கு. மாணவர்கள் தெருவில் இருந்தார்கள், சட்டமன்றத்தில் ஜெயலலிதா இருந்தார். இதில் கொள்கையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போரின்போது, 2009இல், போகாதவர்கள் 2013இல் போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம்மூர்க் கதை இன்னும் முடியவில்லை. 2004இல் அதிமுகவும் பாஜகவும் மறுபடி சேர்ந்து, தமிழ்நாட்டில் ஒன்று கூட ஜெயிக்கவில்லை. 2023 செப்டம்பரில் பிரிந்தார்கள், 2024இல் தனித்தனியாக நின்று இருவருமே பூஜ்யம் வாங்கினார்கள், 2025 ஏப்ரலில் சென்னையில் அமித் ஷா பக்கத்தில் எடப்பாடி பழனிசாமி உட்கார்ந்திருக்க மறுபடி கூட்டணி அறிவிப்பு. அந்தப் படத்தைப் பார்த்ததும் மாமாவுக்குத்தான் போன் போட்டேன்.

அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, பிரஷ் பிடிப்பதில்லை. பிளக்ஸ் வந்ததும் தொழிலும் போய்விட்டது. 1999க்குப் பிறகு அவர் கடையில் ஒரு வழக்கம் வந்தது. சின்னத்துக்கும் வேட்பாளர் பெயருக்கும் கலர் பவுடரில் பசை நன்றாகக் கலந்து கொடுப்பார். மேல் வரிக்கு, அந்த 'ஆசி பெற்ற', 'ஆதரவு பெற்ற' வரிக்கு, தனி டப்பா. அதையும் வேட்புமனு வாபஸ் நாள் தாண்டிய பிறகுதான் தொடுவார். டப்பாவை என்னிடம் நீட்டும்போது ஒவ்வொரு தேர்தலிலும் இதைத்தான் சொல்வார்:

"இதுக்குப் பசையைக் குறைச்சே போடுடா."