மாத்திரை விட்டுப்போச்சா? முதலில் அட்டையைக் கையில் எடுங்கள்

தாராவியிலிருந்து: அக்கா, நேற்று ராத்திரி மாலா-என் கருத்தடை மாத்திரை போட மறந்துவிட்டேன். காலையில்தான் ஞாபகம் வந்தது. பயமாக இருக்கிறது.

பயப்படாதேம்மா. மறந்ததை உடனே போடு. இன்று ராத்திரிக்கு உள்ளதை அதன் நேரத்துக்கே போடு. ஒரே நாளில் இரண்டு போனாலும் கெடுதல் இல்லை, லேசாகக் குமட்டலாம். ஒன்றுதான் விட்டது என்றால் ஆணுறைகூட வேண்டாம்.

செம்பூரிலிருந்து: அவசரமாக ஊருக்கு ரயில் ஏறியதில் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மூன்று நாள் விட்டுப்போனது. மூன்றையும் சேர்த்துப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். அப்படி விழுங்கிவிட்டு வாந்தியோடு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் இப்போதே போடு, மற்ற இரண்டையும் விட்டுவிடு. பிறகு வழக்கம்போல் தினம் ஒன்று. தொடர்ந்து 7 நாள் போடும்வரை ஆணுறை கட்டாயம்.

இனி அட்டையைப் பார். 28-இல் முதல் 21 தான் கருத்தடை மருந்து, மீதி 7 வெறும் இரும்புச்சத்து. விட்டது முதல் வாரத்திலா? அந்த 7 நாள் இடைவெளியோடு இந்த மூன்று நாளும் சேர்வதால் கருமுட்டை வெளிவரலாம். கடந்த 5 நாளில் உறவு இருந்தால் அவசர கருத்தடை மாத்திரையை உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் போடு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நேரம் தாண்டியிருந்தால் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி பற்றி டாக்டரிடம் உடனே கேள்.

மூன்றாம் வாரத்தில் விட்டதென்றால், 21 முடிந்ததும் இரும்பு மாத்திரையைத் தொடாமல் மறுநாளே புது அட்டை. அந்த மாதம் தீட்டு வராமல் போகலாம். அழுக்கு உள்ளே தங்கிவிடும் என்று மாமியார் சொன்னால் நம்பாதே, அப்படி எதுவும் தங்காது.

மாட்டுங்காவிலிருந்து: நான் சாயா கருத்தடை மாத்திரை போடுகிறேன். ஞாயிறு போட்டேன், புதன் மறந்துவிட்டேன்.

சாயா ஹார்மோன் இல்லாத மருந்து, லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. கணக்கும் வேறு. இப்போதே போட்டு, பழைய கிழமைகளையே தொடரு. அடுத்த தீட்டு வரும்வரை ஆணுறை வேண்டும். 7 நாளுக்கு மேல் விட்டிருந்தால் முதலிலிருந்து: 3 மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று.

சயானிலிருந்து: ஒன்றுகூட விடவில்லை அக்கா. ஆனால் டிபி மருந்து சாப்பிடுகிறேன்.

நல்லவேளை கேட்டாய். அதிலுள்ள ரிஃபாம்பிசின் மாலா-என்னின் வேலையைக் குறைத்துவிடும். இன்றிலிருந்தே ஆணுறை. டிபி மருந்தை மட்டும் நிறுத்திவிடாதே. அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது இந்த அட்டையையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டு.