அறைத்தோழரோட மார்மன் நம்பிக்கை: விவாதிக்கிறதா, விடுறதா?

தம்பி, சாப்பிட்டுட்டு இருந்தப்போ லேப்டாப்பைத் திறந்து, மார்மன் மதத்தோட புனித நூல்கள்ல ஒண்ணான ஆபிரகாம் நூல் உண்மையான மொழிபெயர்ப்பு இல்லைன்னு ஆதாரம் காட்டினதிலிருந்து உங்க மார்மன் அறைத்தோழர் பேசுறதில்லை, இனி விவாதிக்கிறதா விடுறதான்னு எழுதியிருந்தீங்க. நானும் மார்மன்கள் நிறைய இருக்கிற அமெரிக்க மாநிலமான யூட்டாவுல ஒன்பது வருஷம் இருந்தவன்.

உங்க தகவல் சரிதான். 1835-ல் மார்மன் மதத்தைத் தொடங்கின ஜோசப் ஸ்மித் கைக்கு வந்த எகிப்திய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களை மொழிபெயர்த்ததா சொல்லி 1842-ல் அந்த நூல் வெளியாச்சு. சிகாகோ நகரத்துப் பெரிய தீவிபத்துல எரிஞ்சிருக்கும்னு நினைச்ச சுருள்கள்ல சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துலேர்ந்து 1967-ல் மார்மன் திருச்சபைக்குத் திரும்பிச்சு. எகிப்தியலாளர்கள் படிச்சா, இறந்தவங்களோட வைக்கிற சடங்கு வாசகம். அதுல ஆபிரகாம் பேரே இல்லைன்னு திருச்சபையோட 2014 கட்டுரையும் ஒத்துக்குது. சுருளோட பெரும்பகுதி தொலைஞ்சிருக்கலாம்னு அது சொல்ற சமாதானம் எனக்குப் போதலை.

ஆனா உங்க அறைத்தோழருக்குத் "தெரியும்"ங்கிற சொல்லுக்கு அர்த்தமே வேற. மார்மன்கள் மாசத்தோட முதல் ஞாயிறு ரெண்டு வேளை பட்டினி இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் குடுத்துட்டு, சபை முன்னாடி எழுந்து "இது உண்மைன்னு எனக்குத் தெரியும்"னு சொல்வாங்க. ஜெபத்துல மனசுக்குக் கிடைச்ச பதில் அது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைச் சொல்லும்போது பெஞ்சைப் பிடிச்சிருந்த விரல் நடுங்கினதைப் பார்த்திருக்கேன். நீங்க ஒரு நூலை மறுத்தீங்க. உங்க அறைத்தோழர் காதுல "உன் குடும்பமே பொய்"னு விழுந்திருக்கும்.

மன்னிப்பு கேளுங்க, ஆதாரத்துக்காக இல்ல, சாப்பாட்டு நேரத்துல நீட்டினதுக்காக. பிறகு, "இந்தக் கேள்வி உங்களுக்கே வந்ததுண்டா?"ன்னு கேளுங்க. பேசப் பிடிக்கலைன்னா விட்டுடுங்க. அவரா கேட்டா, அந்தத் திருச்சபைக் கட்டுரையையே முதல்ல குடுங்க. அதை அவர் பயமில்லாம படிப்பார்.